பாரும் முகத்துவாரமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று பாலமீன்மடுவை அடையும் வீதி ஒன்றுண்டு. வாவிக் காற்றும் தென்னை நிழலும் துணைவர, அவ்வீதி கடலோசை கேட்கும் இடம் வரை நீண்டு செல்கின்றது. அதன் முடிவில், 1913ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற வெளிச்சவீடு வெண்ணிறக் கோபுரமாய் நிமிர்ந்து நிற்கின்றது. அவ்வீதியின் பெயர் பார் வீதி.

இப்பெயரை முதன்முறை கேட்பவர் மயங்குதல் இயல்பே. தமிழ் கற்றவர் ‘பார்’ என்றதும் உலகத்தை நினைப்பர். அன்றேல், ‘காண்’ என்னும் ஏவலை நினைப்பர். ஆங்கிலம் கற்றவரோ மது விற்கும் சாலையை நினைப்பர். நீதிமன்றத்திற் பழகியவராயின் வழக்கறிஞர் குழாத்தை நினைப்பர். இவற்றுள் எதுவும் அவ்வீதியின் பெயருக்குப் பொருளன்று. வாவி கடலோடு கலக்கும் இடத்திலே அலைகள் கொண்டுவந்து குவிக்கும் மணல்மேட்டுக்கு ஆங்கிலத்தில் ‘பார்’ என்று பெயர். அம்மேட்டை நோக்கிச் செல்லும் வீதி பார் வீதியாயிற்று.

ஆயின், அதே இடத்தை அவ்வூர் மக்கள் வேறொரு பெயரால் வழங்குகின்றனர். அவர்களுக்கு அது முகத்துவாரம். ஆங்கிலப் பெயர் தடையைக் குறிக்கின்றது. தமிழ்ப் பெயர் வாயிலைக் குறிக்கின்றது. ஓரிடத்துக்கு, ஒன்றுக்கொன்று மாறான இரு பெயர்கள் எங்ஙனம் அமைந்தன? இதனை ஆராயப் புகுந்தால், ஒரு சிறு சொல்லின் வரலாறும் ஒரு பெரிய வாவியின் வரலாறும் ஒருங்கே புலனாகும்.

ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘பார்’ என்னும் சொல் அம்மொழியின் பழஞ்சொல்லன்று. 1066ஆம் ஆண்டிலே நோர்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின்னர், பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற் குடியேறிய பல்லாயிரம் சொற்களுள் அதுவும் ஒன்று. பிற்கால இலத்தீனில் அது ‘பர்ரா’ என வழங்கிற்று. அதற்கும் அப்பால் அதன் வேர் யாது என்பதில் மொழிநூலார் ஒருமுடிவுக்கு வந்திலர். அதன் பழம்பொருள் மட்டும் தெளிவானது: கதவைத் திறக்கவியலாதவாறு குறுக்கே இடும் கட்டை. பண்டைத் தமிழர் கோட்டைக் கதவின் பின்னே இட்டு, எழு என்றும் கணையமரம் என்றும் வழங்கியது இதனையே.

இவ்வொரு கட்டையிலிருந்து எத்தனை கிளைகள் தோன்றின என்பது வியப்புக்குரியது. கட்டையின் நீண்ட உருவத்தை மனத்திற்கொண்டு இரும்புக் கம்பியையும், பொற்கட்டியையும், சவர்க்காரக் கட்டியையும் அப்பெயரால் அழைத்தனர். மேலைநாட்டு இசை ஏடுகளில் தாளப் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் நிலைக்கோடும் அப்பெயர் பெற்றது. கட்டையின் தொழிலை மனத்திற்கொண்டு, தடுத்தல், விலக்குதல் என்னும் வினைப்பொருள்களையும் அச்சொல்லுக்கு ஏற்றினர். துறைமுகத்திற் கப்பல்களைப் புறப்படவொட்டாது தடுத்து வைக்கும் ஆணைக்கு ஆங்கிலத்தில் ‘எம்பார்கோ’ என்று பெயர். அது ஸ்பானிய மொழியின் வழியாக வந்த இதே குடும்பத்துச் சொல்லாகும்.

நீதிமன்றத்திலே நீதிபதியின் இருக்கைக்கும் பொதுமக்கள் நிற்கும் இடத்துக்கும் இடையே மரத்தாலான தடுப்பு ஒன்று உண்டு. அத்தடுப்பும் ‘பார்’ எனப்பட்டது. அதன் அருகே நின்று வாதாடும் உரிமை பெற்றவர் ‘பாரிஸ்டர்’ ஆயினர்; பின்னர் அத்தொழிலாளர் குழாம் முழுவதுமே தடுப்பின் பெயரைத் தாங்கிற்று. இலங்கைத் தமிழர் நெடுங்காலம் வழக்கறிஞரை அப்புக்காத்து, பிறக்கிராசி என இருவகையாக அழைத்தனர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்விரு வகையினரையும் ஒன்றாக்கிற்று. இன்று அனைவரும் சட்டத்தரணிகளே. ஆங்கிலத்திற் ‘பார்’ என்பது இங்கே சட்டத்தரணிகள் சங்கமாகத் தமிழுருப் பெற்றுள்ளது. மரத்தடுப்பின் நினைவு அத்தமிழ்ப் பெயரில் சிறிதும் இல்லை.

மதுச்சாலைக்கும் இதே வரலாறுதான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கில விடுதிகளிலே குடிப்போர் உள்ளே புகாதவாறு, விற்போருக்கும் வாங்குவோருக்கும் இடையே ஒரு நீண்ட மரத்தடுப்பு இருந்தது. அதன்மேல் வைத்தே குவளைகளை நீட்டினர். தடுப்பின் பெயர் நாளடைவில் விடுதிக்கே பெயராயிற்று. நீதி வழங்கும் இடமும் நிலைதடுமாறச் செய்யும் இடமும் ஒரே பெயரைப் பெற்றமைக்குக் காரணம், இரண்டிலும் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தமையே.

இனி, ஓசையில் ஒன்றாயினும் பிறப்பில் வேறான மற்றொரு ‘பார்’ ஆங்கிலத்தில் உண்டு. வானிலை அறிக்கைகளை வானொலியிற் கேட்டுப் பழகியோர் ‘மில்லிபார்’ என்னும் அளவை அறிவர். இது கதவுக்கட்டையின் வழித்தோன்றலன்று. கிரேக்க மொழியில் ‘பாரோஸ்’ என்றால் நிறை. காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவிக்குப் ‘பாரோமானி’ எனப் பெயர் வந்ததும் அச்சொல்லினாலேயே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலார் அழுத்தத்தின் அலகுக்கு அதனைச் சுருக்கிப் பெயரிட்டனர். கடல்மட்டத்திலே காற்றின் அழுத்தம் பொதுவாக 1013 மில்லிபார் அளவினது. அது பெரிதும் தாழுமிடத்தே சூறாவளி தோன்றும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைப் பெருஞ்சூறாவளி தாக்கித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, இந்த இரண்டாவது ‘பார்’ எத்துணைக் கொடிதாகவும் இறங்கக்கூடும் என்பதை அம்மாவட்டத்து மக்கள் கண்டனர்.

கிரேக்கப் ‘பாரோஸ்’ என்பதற்கும் தமிழில் வழங்கும் ‘பாரம்’ என்பதற்கும் உறவுண்டெனப் பலர் எளிதிற் கருதுவர். ஓசையும் ஒத்துள்ளது, பொருளும் ஒத்துள்ளது. ஆயினும் மொழிநூல் இதனை ஒப்புவதில்லை. பாரம் வடசொல், சுமத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. அதற்கு உறவான ஆங்கிலச் சொல் சுமத்தலைக் குறிக்கும் ‘பெயர்’ என்பதாகும். கிரேக்கச் சொல்லுக்கு உறவான வடசொல்லோ ‘குரு’. கனமுடையது, மதிப்புடையவர் என்னும் இருபொருளும் அதற்குண்டு. ஓசை ஒத்தவை உறவற்றவையாகவும், ஓசை ஒவ்வாதவை உடன்பிறந்தவையாகவும் இருத்தல் சொற்களின் உலகிற் பெருவழக்கு.

இவ்வெச்சரிக்கையோடு தமிழின் சொந்தப் ‘பார்’ என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். அதற்கு நிலம், உலகம், பாறை, வன்னிலம் எனப் பல பொருள்கள் உள்ளன. பெரும்பாணாற்றுப்படை உமணருடைய உப்பு வண்டியை வருணிக்கும் இடத்தில், வண்டியின் பருத்த மரச்சட்டமும் ‘பார்’ எனப்படுகின்றது. அதற்கு உவமையாகக் கூறப்படுவது கதவுக்கிடும் கணையமரமே. ஆங்கிலத்திற் ‘பார்’ எனப்படும் பொருளைத் தமிழ்ப் ‘பார்’ உவமையிலே சந்திக்கின்றது. இருப்பினும் இஃது ஓசையின் தற்செயலேயன்றி உறவன்று.

மன்னார்க் கடலில் இத்தற்செயல் இன்னும் நெருங்கி வருகின்றது. அங்கே முத்துச்சிப்பிகள் படிந்து வாழும் கடலடிப் பாறைத்தளங்களைத் தமிழர் ‘பார்’ என்பர். பெரிய பார் முதலாகப் பல பெயர்கள் கடற்றொழிலாளரிடையே வழங்கின. இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க முத்துச்சிப்பிகளை ஆராய்ந்த பேராசிரியர் ஹேர்ட்மன், 1903 முதல் 1906 வரை வெளியான தம் அறிக்கையிலே இத்தமிழ்ச் சொல்லை அவ்வாறே ஆங்கிலத்தில் எடுத்தாண்டார். மேற்குக் கரையிலே தமிழரின் ‘பார்’ ஆங்கில ஏட்டிற் புகுந்தது. கிழக்குக் கரையிலே ஆங்கிலேயரின் ‘பார்’ தமிழ் வீதியின் பெயராயிற்று. ஒன்று சிப்பி விளையும் பாறை; மற்றொன்று கப்பல் தட்டும் மணல்.

அம்மணல் எங்ஙனம் திரள்கின்றது? மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கு அணித்தாய், கரைக்கு இணையாய்க் கிடக்கும் இந்நீர்ப்பரப்பு இரண்டிடங்களிலேயே கடலைச் சேர்கின்றது. ஒன்று பாலமீன்மடுவுக்கு அருகே உள்ளது. மற்றொன்று தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் உள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் மாதங்களிலே, மேற்கிலிருந்து பாயும் ஆற்றுநீர் வாவியை நிறைத்துக் கடலை நோக்கித் தள்ளுகின்றது. மழை ஓய்ந்து ஆற்றுநீர் குறைந்தபின், கரையோர நீரோட்டமும் அலையும் மணலை வாரிவந்து வாயிலிற் குவிக்கின்றன. இலங்கைக் கரையிலே கடல்நீரின் ஏற்றவற்றம் மிகச் சிறிதாகையால், அம்மணலை அரித்துச் செல்லும் வலிமை அதற்கில்லை. வாயில் சுருங்குகின்றது; சில காலங்களில் முற்றாக அடைபட்டும் விடுகின்றது.

கடல்வழியாக வந்தோர் இம்மேட்டைக் கண்ட விதம் ஒன்று. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தார்; அங்கிருந்தே கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வாவியினுள்ளே புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் வெஸ்தர்வோல்ட் என்பாரின் தலைமையில் வந்த ஒல்லாந்தர், இரண்டாம் இராசசிங்க மன்னனின் துணையோடு அக்கோட்டையைக் கைப்பற்றினர். அதே மாதத்தில் அம்மன்னனோடு உடன்படிக்கையும் செய்தனர். 1795ஆம் ஆண்டில் அது பிரித்தானியர் வசமாயிற்று.

இவர்கள் அனைவருக்கும் வாவியின் வாயில் ஒரு சோதனையாகவே இருந்தது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, ஆட்களும் பண்டங்களும் சிறு தோணிகளில் மேட்டைக் கடந்து உள்ளே வரவேண்டியிருந்தது. பிரித்தானியர் காலத்திலும், தீவைச் சுற்றி ஓடிய நீராவிக் கப்பல்களுக்கு இதுவே நிலைமை. 1928ஆம் ஆண்டிற் புகைவண்டிப் பாதை மட்டக்களப்பை எட்டும்வரை, கொழும்புக்குச் செல்லும் வழிகளுட் கடல்வழி முதன்மையானதாய் இருந்தது. கப்பலில் இருந்தவன் கண்ணுக்கு அம்மணல் வழியை மறித்துக் கிடந்த கட்டையாகவே தோன்றிற்று. ஆகவே அதற்குப் ‘பார்’ என்ற பெயர் அவனுக்கு முற்றும் பொருத்தமாயிற்று.

இங்கே போர்த்துக்கேய மொழியின் வழக்கொன்றும் நினைக்கத்தக்கது. அம்மொழியிலும் ‘பார்ரா’ என்னும் சொல் உண்டு. அது கட்டையையும் குறிக்கும், மணல்மேட்டையும் குறிக்கும், துறைமுகத்தின் நுழைவாயிலையும் குறிக்கும். மணல்மேடு உள்ள இடத்திலேதான் நுழைவாயிலும் உண்டு என்பதைக் கடலோடிகளாகிய அம்மக்களின் மொழி ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. ஆங்கிலம் தடையை மட்டும் கொண்டு, வாயிலைக் கைவிட்டது.

வாவிக்கரையில் வாழ்ந்தோர் அதே இடத்தைக் கண்ட விதம் மற்றொன்று. முகம் என்பதற்கு வாய் என்றும், துவாரம் என்பதற்கு வாயில் என்றும் பொருள். நீர் புறப்படும் வாயில், மீன் புகும் வாயில், தோணி சென்று மீளும் வாயில் என மூவகையாலும் அது வாயிலாகவே விளங்கிற்று. கொழும்பின் வடபால் களனி கங்கை கடலொடு கலக்கும் பகுதியையும் தமிழர் முகத்துவாரம் என்றே வழங்குகின்றனர். காவிரி கடலிற் புகுமிடத்திருந்த பட்டினத்துக்குப் புகார் என்னும் பெயர் அமைந்ததும் புகுதல் பற்றியே என்பர். ஆற்றின் முடிவை முடிவாகக் கருதாது, புகுதலாகவும் வாயிலாகவும் கருதுதல் தமிழின் பழைய மரபு.

இடங்களை அங்கே வாழ்வோரின் கண்கொண்டு பெயரிடும் வழக்கம் மட்டக்களப்பிற் பல இடங்களில் விளங்குகின்றது. வாவிக்குக் கிழக்கே, கடலோடு சேர்ந்த கரை எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம். மேற்கே, வயல் நிறைந்த கரை படுவான்கரை; ஞாயிறு படும் பக்கம். வாவியின் நடுவே தோணியில் நிற்பவனுக்கே இவ்விரு பெயர்களும் முழுப்பொருள் தரும்.

இவ்விரு கரையாருக்கும் முகத்துவாரம் திறத்தலும் அடைபடுதலும் வெறும் பெயர்ச்செய்தியன்று, வாழ்க்கைச் செய்தி. பெருமழைக் காலத்தில் வாயில் அடைபட்டிருந்தால், வாவி நீர் பெருகிப் படுவான்கரையின் பெரும்போக வயல்களை மூடும். நெற்பயிர் நீரினடியிற் பல நாள் கிடந்தால் அழுகும். அப்போது உழவர், ‘முகத்துவாரம் வெட்டப்பட வேண்டும்’ என்று வேண்டுவர். அரசாங்க அதிபரின் ஆணையின்படி மணல்மேட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டப்படும். முற்காலத்தில் மண்வெட்டியும் ஆட்பலமும் செய்த வேலையை இக்காலத்தில் இயந்திரங்கள் செய்கின்றன. முதலில் வெட்டப்படுவது ஒடுங்கிய கால்வாயே. ஆயின் உள்ளிருந்து பாயும் நீர், மணலைத் தானே அரித்து, சிறிது நேரத்தில் அதனைப் பெருவாயிலாக்கிவிடும்.

வாவியில் மீன்பிடித்து வாழ்வோரின் நோக்கு இதனின்றும் சிறிது வேறானது. வாயில் திறந்திருந்தாற்றான் கடலிற் பிறக்கும் இறாற்குஞ்சுகள் வாவியினுட் புகுந்து வளரும். ஆகவே அது திறக்கவேண்டும். ஆனால் உரிய காலத்துக்கு முன்னே திறந்தால், நீரோடு மீனும் இறாலும் கடலுக்கு ஓடிவிடும், வாவி வற்றும். நீர் தாழ்ந்தபின் கடல்நீர் உட்புகுந்தால், தாழ்நிலத்து வயல்களில் உவர் ஏறும். அது உழவருக்கும் கேடாம். எந்த நாளில், எத்துணை அகலம் வெட்டுவது என்னும் வினாவுக்கு இவ்விரு தொழிலாளரும் எப்போதும் ஒரே விடை கூறுவதில்லை. 1957ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பெருவெள்ளமும் 2011ஆம் ஆண்டு சனவரி மாத வெள்ளமும் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த காலங்களில், வெள்ளத்தின் வடிகாலாகிய இவ்வாயிலின் அருமை எல்லோருக்கும் புலனாயிற்று.

ஆகவே, அம்மணல்மேட்டைத் தடை என்பதும் முழு உண்மையன்று. வாயில் என்பதும் முழு உண்மையன்று. மூடியிருக்கும்போது மீனைக் காப்பதும், திறந்திருக்கும்போது நெல்லைக் காப்பதும் அதுவே. கதவுக்கட்டையும் கதவும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்லவா? திறக்கவியலாத கதவு சுவராகும்; அடைக்கவியலாத வாயில் வெளியாகும்.

முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே நாவலடியும், அதற்கப்பால் கல்லடியும் உள்ளன. கல்லடிப் பக்கத்தில் டச்பார் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரிலும் ‘பார்’ உறைகின்றது. ஒல்லாந்தரைக் குறிக்கும் ‘டச்’ என்பதும், ‘பார்’ என்பதும் ஆங்கிலச் சொற்கள். இரண்டும் சேர்ந்து ஒரு தமிழ் ஊர்ப்பெயராய் எழுதப்படுகின்றன. அங்கே வாழ்ந்துவரும் பறங்கியர் சமூகத்தின் முதியோர் பேசும் பழைய மொழியோ போர்த்துக்கேயக் கலப்பு மொழி. நானூறு ஆண்டுக் கடல் வரலாறு ஓர் ஊரின் பெயரிலும் பேச்சிலும் மடிந்து கிடக்கின்றது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை அம்மணற்றொடரைக் கடந்து வாவிக்குள் பாய்ந்தது. நாவலடி, டச்பார் ஆகிய இடங்களிற் குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டனர். பறங்கியர் சமூகமும் தன் மக்களுட் பலரை இழந்தது. கப்பல்களைத் தடுத்த மணல் அன்று கடலைத் தடுக்கவில்லை. ‘பார்’ என்னும் சொல்லுக்குத் தடை என்று பொருள் எழுதும் அகராதி எதிலும் அந்நாளின் செய்தி இராது. அவ்வூர் மக்களின் நினைவில் அது என்றும் இருக்கும்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லே போதும் என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு ஒரு பாடமாகும். கணையமரம், கம்பி, கட்டி, நிலைக்கோடு, மதுச்சாலை, சட்டத்தரணிகள் சங்கம், மணல்மேடு, அழுத்த அலகு என ‘பார்’ ஒன்றுக்கே தமிழ் எட்டுப் பெயர்களை நாடவேண்டியுள்ளது. வாவியின் தென்புறத்தே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1936ஆம் ஆண்டிற் சென்னையிலே கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழில் எழுதப் புகுந்தோர் சந்தித்த முதற்சிக்கலும் இதுவே. சொல்லைப் பெயர்த்தால் போதாது; அச்சொல் அவ்விடத்திற் குறிக்கும் பொருளைக் கண்டு, அதற்குரிய பெயரைத் தமிழிலே தேடவேண்டும். சில வேளைகளில் அப்பெயர் ஏட்டில் இராது. ஊராரின் வாயில் இருக்கும்.

பாலமீன்மடு வெளிச்சவீட்டின் ஒளி கடலை நோக்கி வீசுவதற்கென அமைந்தது. வெளியிலிருந்து வருவோர்க்கு அது, ‘இங்கே மணலுண்டு, விலகிச் செல்க’ என்று கூறிற்று. அதன் அடியில், மாரிகாலத்து நாளொன்றில் மணலை வெட்டித் திறக்கும்போது, படுவான்கரை வயல்களிலிருந்து வடிந்த நீர் இரைந்துகொண்டு கடலிற் கலக்கின்றது. வீதியின் பெயர்ப்பலகையில் பார் இருக்கின்றது. வீதி சென்று சேரும் இடத்தில் முகத்துவாரம் இருக்கின்றது. இரண்டையும் அறிந்தவனே அவ்விடத்தை முழுதும் அறிந்தவனாவான்.